கம்பிக்கு எந்தப் பக்கம்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவர் நஸ்ரீன் அக்கா. அவரும் அன்று ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்தான். உள்ளே பேசியதில் பாதிதான் காதில் விழுந்ததாம். மீதியைத் திருமேனி சாரே பிறகு அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இருக்கலாம்.

திருமேனி சார் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர். நாற்பது நெருங்கும்போது நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தார். அவருடைய வழிகாட்டி ஜெசிந்தா மேடம் அவரைவிட ஆறு வயது இளையவர். மேடம் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார். முதல் வருடம் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவர்கள் தேடியது இதுதான். பிரபஞ்சம் பச்சைக் குழந்தையாக இருந்தபோது கிளம்பிய ஒளி இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோ அலையாக வருகிறது. அந்த அலை ஒரு வாக்கில், அதாவது ஒரு குறிப்பிட்ட சாய்வில், அதிரும். இயற்கைக்கு இடது, வலது என்ற பேதம் உண்டா? அணுவுக்குள் வேலை செய்யும் ஒரு விசைக்கு உண்டு என்று தெரியும். வெட்டவெளிக்கும் உண்டா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இருந்தால், அத்தனை காலம் வெட்டவெளியில் நடந்து வந்த ஒளியின் வாக்கு, வானம் முழுக்க ஒரே பக்கமாக ஒரு துளி திரும்பியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொலைநோக்கிக்குள் இருக்கும் கருவி ஒரு துளி சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் வானம் திரும்பியதுபோலவேதான் தெரியும். தலையைச் சாய்த்துப் பார்க்கிறவனுக்குச் சுவர் சாய்ந்து தெரிவதுபோல. அதனால் கருவியின் சாய்வை அளந்து கழிக்க வேண்டும். அதற்கென்று ஒரு கம்பிச் சட்டம் உண்டு. மெல்லிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதைத் தொலைநோக்கியின் வாய்க்கு எதிரே நிறுத்தி, கம்பிகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று கையால் ஒரு முறை அளப்பார்கள். கருவி அதே கம்பிகளை எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று ஒரு முறை பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கருவியின் சாய்வு.

கையால் அளக்கப் போனவர் திருமேனி சார். தொலைநோக்கி வெளிநாட்டில், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில், புல்கூட முளைக்காத ஒரு மேட்டில் இருந்தது. அங்கிருந்து மூக்குத் தோல் உரிந்து வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் வருடக்கணக்காகக் கணக்குதான்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி விடையை யாரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. கணினி அதை மூடி வைத்திருக்கும். எல்லாச் சோதனையும் முடிந்து, இனிக் கை வைக்க மாட்டோம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் திறப்பார்கள். அதற்குப் 'பெட்டி திறக்கிறது' என்று பெயர். திறந்த பிறகு ஏதாவது தப்பு கண்ணில் பட்டால் திருத்தலாம். ஆனால் திருத்துவதற்கு முன்னால் வந்த எண், பின்னால் வந்த எண் இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

மார்ச்சில் ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்தார்கள். நஸ்ரீன் அக்கா பக்கத்தில் இருந்தார். அங்கே அவர் மேல்நிலை ஆய்வாளர்.

"என்ன அண்ணே, இடமா வலமா?"

திருமேனி சார் திரையைத் திருப்பிக் காட்டினார்.

பூஜ்யம்.

"நேர்கோடு," என்றார் நஸ்ரீன் அக்கா. "வாங்க, டீ குடிப்போம்."

"நீ போம்மா. நான் வரலை."

அன்று இரவு மனைவி செல்லத்தாய்க்குப் போன் போட்டுச் சொன்னார்.

"முடிஞ்சிட்டா? என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லைன்னு கண்டுபிடிச்சிருக்கேன்."

"விளையாடாதீங்க. தெருவில கேக்காங்கல்லா. நான் என்ன சொல்ல?"

"அதைத்தான் சொல்லணும்."

"அதுக்கா ஏழு வருசம்?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். கொஞ்சம் கழித்து, "சரி, சாப்ட்டீங்களா?" என்றாள்.

ஜூனோடு விடுப்பு முடிகிறது. திரும்பிப் போய் அதே வகுப்பில், அதே பலகை முன்னால் நிற்க வேண்டும். அதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் கையில் ஒரு எண்ணாவது கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது. பூஜ்யத்தை எப்படிக் கொண்டுபோவது?

தேட ஆரம்பித்தார். கணக்குப் போடும் கணினி நிரலை முதல் வரியிலிருந்து படித்தார். ஆறு வாரம் அதைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் எழுத்துகள் இமைக்குள் ஓடின. மதியச் சாப்பாட்டை மறந்தார். மறக்காத நாளில் பாதியில் எழுந்து போனார்.

ஏப்ரல் கடைசியில் கிடைத்தது.

வானத்தில் ஒரு கோணத்தைச் சொல்ல இரண்டு வழக்கம் உண்டு. வானவியல்காரர்கள் வானத்தை உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களாகக் கோணத்தை எண்ணுவார்கள். பிரபஞ்சவியல்காரர்களில் பலர் வானத்தை ஒரு உருண்டையாக நினைத்து, வெளியே நின்று பார்க்கிறவர்கள்போல எண்ணுவார்கள். ஒருவருக்குக் கூட்டல் என்பது மற்றவருக்குக் கழித்தல். கம்பிச் சட்டத்தின் அளவு ஒரு வழக்கத்தில் இருந்தது. வானத்தின் படம் இன்னொரு வழக்கத்தில் இருந்தது. இடையில் குறியை மாற்ற வேண்டும். மாற்றவில்லை.

சந்தேகமே இல்லாத தப்பு. பார்த்த யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு கழித்தல் குறியைப் போட்டு மறுபடி ஓட்டினார். கருவியின் சாய்வு ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. கழிபட்டுக்கொண்டிருந்தது இப்போது கூடியது. விடை ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்காக வந்தது. கடிகாரத்தின் நிமிட முள் மூன்று வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக நகரும் தூரம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அது நிஜமானால், வெட்டவெளிக்கு வலது எது, இடது எது என்று தெரியும். அதை முதலில் பார்த்தவர் திருமேனி சார்.

அவர் குதிக்கவில்லை. அவ்வளவு தெம்பு மிச்சமில்லை. படத்தை அச்செடுத்துக்கொண்டு நேரே ஜெசிந்தா மேடம் அறைக்குப் போனார். வெளியே நடைவழி மேசையில் நஸ்ரீன் அக்கா ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்து, "என்ன அண்ணே?" என்றார். இவர் நிற்கவில்லை.

மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு நிரலில் அந்த வரியைப் பார்த்தார். நிதானமாக, இரண்டு தடவை.

"தப்புதான்," என்றார்.

"ஆமா மேடம்."

"எப்படி இத்தனை பேர் கண்ணுல படாமப் போச்சு?"

"தெரியலை மேடம். என் கண்ணுலயும் படலை."

மேடம் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டார். அவருக்கும் அன்று முகம் வாடித்தான் இருந்தது.

"திங்கட்கிழமை குழுக் கூட்டத்துல சொல்லிடலாமா மேடம்? வழக்கப்படி ரெண்டு எண்ணையும் சொல்லிடறேன். முன்னால பூஜ்யம், திருத்தினபிறகு இது. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை."

"ஒளிக்கலை. சரி." ஒரு வாய் குடித்தார். "சார், பூஜ்யம் வந்தப்புறம் எவ்வளவு நாள் தேடினீங்க?"

"ஆறு வாரம் மேடம்."

"இது வந்தப்புறம்?"

திருமேனி சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அச்செடுத்த சூடு இன்னும் ஆறவில்லை.

"இப்பதான் மேடம் வந்துச்சு."

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒட்டுநாடாவை எடுத்தார். ஒரு முழம் கிழித்தார். எழுந்து போய், கண்ணாடிக் கதவின் நடுவே சாய்வாக ஒட்டினார். விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

"எந்தப் பக்கம் சாயுது சார்?"

"வலப்பக்கம்."

மேடம் கதவைத் தட்டினார். வெளியே நஸ்ரீன் அக்கா நிமிர்ந்தார்.

"நஸ்ரீன், இது எந்தப் பக்கம் சாயுது?"

"எது மேடம்? டேப்பா?" அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இடப்பக்கம். ஏன் மேடம், கண்ணாடி விரிசல் விட்டிருக்கா?"

"இல்லம்மா. நீ வேலையைப் பாரு."

மேடம் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கம்பியை அளந்தது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"அளந்தப்போ கம்பிக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?"

திருமேனி சார் யோசிக்கவே இல்லை. "தொலைநோக்கிப் பக்கம் மேடம். வானத்தைப் பார்த்தபடி. அப்படித்தானே எடுக்கணும்? நிரல்லயும் அப்படித்தான் வச்சிருக்கோம்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். காத்து முகத்துல அடிக்காம இருக்கணும்னு அந்தப் பக்கம்தான் நின்னேன்."

"அப்ப சரி," என்றார் மேடம். "திங்கட்கிழமை சொல்லிடுங்க."

அவ்வளவுதான். அவர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

திருமேனி சார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நடைவழியில் நின்று ஒட்டுநாடாவைத் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"என்னண்ணே நடக்குது? பரீட்சையா?" என்றார் நஸ்ரீன் அக்கா.

"பாஸாயிட்டேன்னு நினைக்கேன்," என்றார் இவர்.

ஆனால் இருக்கைக்குப் போய் உட்கார முடியவில்லை. காற்று முகத்தில் அடிக்காத பக்கம் என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லும்போது உறுதியாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் காற்றை நினைத்துப் பார்த்தால், அது எல்லாப் பக்கமிருந்தும் அடித்தது. கோணமானியைக் கம்பியில் வைத்த கை ஞாபகம் இருக்கிறது. கையுறை ஞாபகம் இருக்கிறது. கால் எங்கே நின்றது என்று ஞாபகம் இல்லை. எங்கே நின்றிருந்தால் நல்லது என்பது மட்டும்தான் தெரிந்தது.

கேட்பதற்கு ஆளுமில்லை. அன்று கூட இருந்தவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. அளந்துகொண்டிருக்கும்போது அவர் திருமேனி சாரின் போனை வாங்கி ஒரு போட்டோ மட்டும் எடுத்திருந்தார். அந்தப் போன் கடலில் விழுந்ததுபோல எப்போதோ தொலைந்துபோனது. ஆனால் அதற்கு முன்பே திருமேனி சார் அந்தப் போட்டோவை ஊருக்கு, செல்லத்தாய்க்கு, அனுப்பியிருந்தார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் வீட்டுக்குப் போன் போடவில்லை. வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு வேலையும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாயே கூப்பிட்டாள்.

"என்ன, ஆளையே காணும்?"

"ஒண்ணுமில்லை." அவர் தொண்டையைச் செருமினார். "ஏய், நான் மலைக்குப் போனப்ப ஒரு போட்டா அனுப்பினேனே. இருக்கா?"

"எது? ஜெயில்ல நிக்க மாதிரி நிப்பீங்களே, அதா?"

"ஜெயிலா?"

"ஆமா. முன்னால பூராவும் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் உங்க மூஞ்சி. மூக்குல தோலு வேற உரிஞ்சிருக்கும். எங்க அம்மா பாத்துட்டு, 'என்னட்டி, மாப்பிள்ளையப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்களா'ன்னு கேட்டாள்லா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பின்னால என்ன இருக்கு?"

"பின்னாலயா? மலைதான். மொட்டை மலை. வேற என்ன இருக்கு அங்க?"

அளக்கும்போது தொலைநோக்கி மலையைப் பார்த்துப் படுத்திருந்தது. நடுவில் கம்பிச் சட்டம். போட்டோ எடுத்தவர் தொலைநோக்கிப் பக்கம். கம்பிக்கு அந்தப் பக்கம், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கோணமானியோடு நின்றவர் திருமேனி சார். வானத்தைப் பார்த்து அல்ல. வானத்தின் பக்கம் நின்றுகொண்டு.

"அனுப்பவா?" என்றாள்.

"அனுப்பு."

"என்னங்க குரல் இப்படி இருக்கு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எண்ணு ஒண்ணு கிடைச்சிருந்துச்சு. இப்ப இல்லை."

"போனா போகுது," என்றாள் செல்லத்தாய். "நீங்க வந்து சேருங்க முதல்ல."

போட்டோ வந்தது. கம்பிகளுக்கு ஊடே தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்போது தலைமுடி கறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு முன்னால், மேடம் அறைக்குப் போனார். ஒட்டுநாடாவை யாரும் எடுக்கவில்லை. அது கதவோடு சேர்ந்து திறந்தது.

போனை நீட்டினார். மேடம் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஜெயில் மாதிரி இருக்கு சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம்."

மேடம் போனைத் திருப்பிக் கொடுத்தார். திருமேனி சார் உட்காரவில்லை.

"குறி ரெண்டு இடத்துல தப்பியிருக்கு மேடம். நான் நின்ன பக்கத்தால ஒண்ணு. நிரல்ல ஒண்ணு. ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டையும் திருத்தினா மறுபடியும் பூஜ்யம்."

"ம்."

"நான் முதல்ல கண்டுபிடிச்சது நிஜமான தப்புதானே மேடம்?"

"நிஜமான தப்புதான்."

"திருத்தினதும் சரிதானே?"

"சரிதான்."

"அதைத் திருத்தினதுக்கு அப்புறம்தான் விடை தப்பாச்சு."

மேடம் தலையாட்டினார்.

"நான் எதையும் தேடாம சும்மா இருந்திருந்தாலும் இதே பூஜ்யம்தான் வந்திருக்கும். ஆறு வாரம் வீணாப் போச்சு."

"எண்ணு அதே எண்ணுதான்," என்றார் மேடம்.

நடைவழியில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இன்னைக்குக் கூட்டத்துல பூஜ்யம்னு சொல்லிடறேன் மேடம். எல்லாத்தையும் சொல்லிடறேன். மூணு எண்ணையும். போட்டோவையும் காட்டிடறேன். ஆய்வேட்டுலயும் அப்படியே எழுதிடறேன்."

"சரி." மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "மூணாவது தப்பு ஏதாவது இருக்கா சார்?"

"தெரியலை மேடம்."

"தேடினீங்களா?"

"நேத்து கொஞ்சம் தேடினேன். நிறுத்திட்டேன்."

"இல்லைன்னு தெரிஞ்சு நிறுத்தினீங்களா?"

திருமேனி சார் கதவைப் பார்த்தார். வெளியே இருந்த நஸ்ரீன் அக்காவுக்கு அவர் முகம் நேராகத் தெரிந்ததாம்.

"இல்ல மேடம்," என்றார். "களைச்சுப்போய் நிறுத்திட்டேன்."

மேடம் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார்.

"அதையும் எழுதுங்க."

*

திருமேனி சார் ஜூனில் ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் அங்கேதான் வகுப்பு எடுக்கிறார்.

நான் இதைக் கேட்டபோது, கடைசிப் பேச்சு நஸ்ரீன் அக்கா அழகுக்காகச் சேர்த்ததாக இருக்கலாம் என்று நினைத்தேன். போன மாதம் நூலகத்துக்குப் போய் அந்த ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். பிழைகளைப் பற்றிய அத்தியாயத்தில் இரண்டு குறித் தவறுகளும் விளக்கப்பட்டிருக்கின்றன. போட்டோவும் இருக்கிறது. அத்தியாயத்தின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்: "மூன்றாவது பிழை ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியாது, களைப்பினால் தேடலை நிறுத்தினேன்."